பாதியில் நின்ற நாடா

கசெற்றின் நாடா பாதியில் நின்றது.

அலுமாரியிலிருந்து எடுத்து, வழமைபோலச் சட்டை நுனியால் துடைத்து, யன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தபோதுதான் மக்டலீன் அதைக் கண்டாள். ஒரு சக்கரத்தில் பாதி, மற்றச் சக்கரத்தில் பாதி. இரண்டுக்கும் நடுவே மண்ணிற நாடா சற்றுத் தொய்ந்து கிடந்தது. வேறொரு வீட்டில் இதை எவரும் கவனித்திருக்கவே மாட்டார்கள். லியோனின் கசெற்றுகளில் இப்படி நடப்பதில்லை.

லியோன் அவளுடைய புருசன். கடலுக்குப் போகாத நேரமெல்லாம் பாட்டுகளோடுதான் கிடந்தான். குருநகரில் கூத்து நடக்கும்போது மேடைக்குக் கீழே குந்தியிருந்து தானே பதிவுசெய்த கூத்துகள், தவக்காலத்தில் கோயிலில் பெண்கள் பாடிய சிலுவைப் பாடுகளின் பாட்டுகள், வானொலியில் வந்தபோது பிடித்துவைத்த சினிமாப் பாட்டுகள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தட்டு. புத்தகம்போல நிமிர்த்தி, முதுகு வெளியே தெரிய, நீலப் பேனாவால் தன் சாய்ந்த எழுத்தில் பேர் எழுதி அடுக்கியிருப்பான். கேட்டு முடிந்ததைத் தொடக்கத்துக்குச் சுற்றாமல் உள்ளே வைக்கமாட்டான். பாதியில் நிற்கிற நாடா அந்த இடத்தில் தொய்ந்து பூஞ்சணம் பிடிக்கும் என்பான். மின்சாரம் நின்றுபோன நாட்களில் துளைக்குள் பென்சிலைச் செருகி, வாசற்படியில் இருந்து, கடலைப் பார்த்தபடி சுற்றிக்கொண்டேயிருப்பான். நாடா ஓடுகிற அந்த மெல்லிய கிறுகிறுப்பு அவளுடைய காதில் இன்னமும் இருந்தது.

தொண்ணூறாம் ஆண்டு, கோட்டையைச் சுற்றிச் சண்டை தொடங்கிக் குருநகர் முழுவதும் மூட்டை கட்டியபோது, வயிற்றுப் பிள்ளையோடு அவள் தூக்கிக்கொண்டு வந்தது அந்தக் கசெற்றுகளைத்தான். பால்மாப் பெட்டிகளில் அடைத்து, லியோனின் சைக்கிளில் கட்டி, அவனுடைய தங்கை ஸ்ரெல்லா தள்ள, இருவருமாகச் சுன்னாகத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அதற்குச் சற்று முன்புதான் லியோன் வலையோடு கடலுக்குப் போயிருந்தான். வள்ளமும் வரவில்லை, ஆளும் வரவில்லை. கடலில் அசைகிறதையெல்லாம் கடற்படை சுட்ட காலம். ஒரு பலகைத்துண்டுகூடக் கரையொதுங்கவில்லை.

இப்போது அவர்கள் இருக்கிற வீடு இராசநாயகம் என்பவருடையது. அவர் குடும்பத்தோடு கொழும்புக்குப் போய்விட்டார். அடுத்த வளவில் இருக்கிற அவருடைய தங்கை குணலட்சுமிதான் திறப்பைக் கொடுத்தாள். ஹோலில் கண்ணாடிக் கதவு போட்ட அலுமாரி ஒன்று நின்றது. அதற்குள் இருந்த பீங்கான் கோப்பைகளை எடுத்துக்கொண்டு, "உதுக்குள்ளை உன்ரை பாட்டுகளை வடிவா அடுக்கு பிள்ளை, சும்மாதானே கிடக்குது" என்றாள். மக்டலீன் தட்டுகளுக்குப் பேப்பர் விரித்தாள். மூலைகளில் வேப்பிலை வைத்தாள். ஈரத்தை உறிஞ்சட்டும் என்று வறுத்த அரிசியைச் சீலைத்துண்டில் முடிந்து ஒவ்வொரு தட்டிலும் போட்டாள். லியோன் அடுக்கியிருந்த ஒழுங்கு அவளுக்குப் பாடம். கூத்து மேலே, பாடுகளின் பாட்டு நடுவே, சினிமா கீழே. வெயில் படாத சுவர். கதவைப் பூட்டித் திறப்பைச் சிலுவையோடு சேர்த்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

அதைக் கண்டால் ஸ்ரெல்லாவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"நாங்கள் கஞ்சி குடிக்கிறம், அண்ணையின்ரை பாட்டுகளுக்கு வறுத்த அரிசி. ஒரு நாளைக்குச் சம்பலும் அரைச்சு வை மச்சாள், தொட்டுத் தின்னட்டும்."

அன்றைக்கு மக்டலீன் கசெற்றைக் கையில் பிடித்தபடி முற்றத்தைக் கடந்து குசினிக்குப் போனாள். ஸ்ரெல்லா அம்மியடியில் குந்தியிருந்து வெங்காயத்தாள் அரிந்துகொண்டிருந்தாள்.

"ஸ்ரெல்லா, நீ இதைப் போட்டுக் கேட்டனியே?"

"எதை?"

"இதை. பாதியிலை நிக்குது."

ஸ்ரெல்லா நிமிர்ந்தும் பார்க்கவில்லை. "ஒரு பாட்டுக் கேக்கிறதுக்கு உந்தச் சைக்கிளைக் கிடந்து மிதிக்க எனக்கென்ன விசரே? சந்தைக்கு நடந்து போய்வந்தே கால் ஒடிஞ்சுபோச்சு."

அது உண்மைதான். ஊரில் மின்சாரம் நின்று மூன்று வருடம். பற்றரி கண்ணால் காணக் கிடைக்காது. ஹோலின் மூலையில் லியோனின் சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, நிலத்தில் படாத பின்சில்லில் டைனமோவை அழுத்தி, அதிலிருந்து வயர் இழுத்துப் பக்கத்து ஸ்ரூலில் இருந்த, கசெற் போடுகிற றேடியோவுக்குக் கொடுத்திருந்தாள். ஒருவர் ஏறி மிதித்தால்தான் பாட்டு. வேகம் குறைந்தால் பாடுகிறவனின் குரல் தடித்து இறங்கும். காலை எடுத்தால் அப்படியே அடங்கிப்போகும். ஊரெல்லாம் அப்படித்தான் பாட்டுக் கேட்டது.

"பிள்ளை விளையாட எடுத்திருப்பாள்."

"திறப்பு என்ரை கழுத்திலை."

ஸ்ரெல்லா கத்தியை வைத்துவிட்டு இப்போதுதான் அவளைப் பார்த்தாள். அடுப்பில் விறகு வெடித்தது. பிறகு, வேறு எதையோ சொல்ல வந்தவள் போல, அவள் குரல் இறங்கியது.

"மச்சாள், நான் கோயில் சுவாமியாரிட்டைக் கேட்டனான். உடம்பு கிடைக்காட்டிலும் அண்ணைக்குப் பூசை வைக்கலாமாம்."

"செத்தவைக்குத்தான் உந்தப் பூசை. அவர் செத்ததை ஆர் கண்டது?"

"வந்ததை ஆர் கண்டது?"

அந்த வீட்டில் இந்தக் கதை வந்தால் இப்படித்தான் முடியும். லியோனின் படத்துக்கு மாலை போட மக்டலீன் விடவில்லை. சுவரில் மாட்டவும் விடவில்லை. படத்துக்குப் பதிலாகத்தான் அந்தக் கண்ணாடி அலுமாரி. அதைத் துடைத்து வைத்திருக்கிற வரைக்கும் அவன் எங்கேயோ இருக்கிறான். வருவான்.

ஸ்ரெல்லாவுக்குச் சொல்லாத ஒன்று இருந்தது.

வெளிநாட்டில் ஆள் இருக்கிற வீடுகளில் எல்லாம் செய்கிற காரியம்தான். பிள்ளை பேசப் பழகியதும் அதன் குரலைக் கசெற்றில் பிடித்து, கொழும்புக்குப் போகிற ஆரிடமாவது கொடுத்து, கனடாவுக்கோ பாரிசுக்கோ சேர்ப்பிப்பார்கள். தகப்பன் அங்கே பனிக்குள் இருந்து கேட்டுக் கேட்டு அழுவான். மக்டலீனும் அதைச் செய்தாள். அனுப்புவதற்கு விலாசம்தான் இல்லை. லியோனின் கசெற் ஒன்றில், பாட்டுகள் பாதியோடு முடிந்து மிச்சம் வெறுமையாய்க் கிடந்த பக்கத்தைத் தேர்ந்தெடுத்தாள். பிழையாக எவரும் அழித்துவிடக்கூடாது என்று அவன் கசெற்றின் முதுகில் உடைத்துவிட்டிருந்த சின்னப் பள்ளத்தை, கடதாசியில் சோற்றுப்பசை தடவி மூடினாள். சைக்கிளில் ஏறி மிதித்தபடி, பதிவுப் பொத்தானை அழுத்தி, பக்கத்தில் நின்ற மகளைப் பார்த்துச் சிரித்தாள்.

"அப்பாக்குச் சொல்லு குஞ்சு."

"அப்பா, நான் யோசப்பின். எனக்கு மூண்டு வயசு. அம்மா அழுறவ. கெதியா வாங்கோ."

அந்தக் கசெற்தான் இப்போது அவள் கையில் இருந்தது. அவள் அதைத் தொடக்கத்துக்குச் சுற்றித்தான் வைத்தாள். இப்போது அது பாதியில் நின்றது. சரியாகப் பிள்ளையின் குரல் முடிகிற இடத்தில்.

பொழுதுபடுகிற நேரம் ஸ்ரெல்லா பிள்ளையைக் குளிக்க வார்க்கக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனாள். மக்டலீன் கசெற்றைச் சுற்றாமல், நின்ற இடத்திலேயே றேடியோவில் போட்டுவிட்டு சைக்கிளில் ஏறினாள். பெடல் கிறீச்சிட்டது, டைனமோ உறுமிப் பிறகு ஒரே சீராய் முனகத் தொடங்கியது, யன்னலுக்கு வெளியே செம்மண் தரையில் வெயிலின் கடைசிச் சிவப்பு வாழைகளின் அடியில் தேங்கி நின்றது, தூரத்தில் யாரோ கப்பியில் வாளி இறக்குகிற சத்தம் கேட்டது. வெறும் நாடாவின் இரைச்சல் வரும் என்று அவள் காத்திருந்தாள். இரைச்சல் வந்தது. அதற்கு அடியில், மிக அடியில், வேறொரு சத்தம் இருந்தது.

தண்ணீர். ஓடுகிற தண்ணீர் இல்லை, மழையும் இல்லை. வள்ளத்தின் பக்கப்பலகையில் தட்டித் தட்டி விலகுகிற தண்ணீர். குருநகரில் பிறந்தவளுக்கு அதைப் பிறர் சொல்லித்தரத் தேவையில்லை. தொட்டிலில் கிடந்த காலத்திலிருந்து கேட்ட சத்தம். கிணற்றைத் தவிர வேறு நீர் இல்லாத இந்த ஊரில், வெங்காயப் பாத்திகளுக்கு நடுவே இருந்த இந்த வீட்டில், அது றேடியோவின் ஒலிபெருக்கி வலைக்குப் பின்னால் தட்டிக்கொண்டிருந்தது. லியோன் ஒருநாளும் றேடியோவைக் கடலுக்குக் கொண்டுபோனதில்லை.

பிறகு மூச்சு. பதிவுசெய்கிறவன் பொத்தானை அழுத்திவிட்டு என்ன சொல்வதென்று தெரியாமல் நிற்கும்போது விடுகிற மூச்சு.

"யோ... சப்பின்."

புதிதாய்ப் படிக்கிற சொல்லை எழுத்துக்கூட்டுவதுபோல. லியோனுடைய குரல். லியோனுக்குத் தெரியாத பெயர். அவன் போகும்போது பிள்ளை பிறக்கவில்லை, பெயரும் பேசி வைக்கவில்லை. ஞானஸ்நானத்தன்று ஸ்ரெல்லா சொல்லி வைத்த பெயர் அது.

மக்டலீன் மிதிப்பதை நிறுத்தவில்லை. அழுதாள், சிரித்தாள், வாயைப் பொத்திக்கொண்டு மிதித்தாள். பயம் அப்போது வரவில்லை. அவன் கேட்டிருக்கிறான். பிள்ளையின் குரல் அவனிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது. இந்த மூன்று வருடத்தில் அவள் ஒருத்தி மட்டும் சொல்லிக்கொண்டிருந்தது பொய்யில்லை.

பதிவுப் பொத்தானை அழுத்தினாள்.

"இஞ்சருங்கோ. எங்கை இருக்கிறியள்?"

கசெற்றைத் தொடக்கத்துக்குச் சுற்றி, இடத்தில் வைத்து, பூட்டினாள்.

விடிந்ததும் வேறொரு கசெற் பாதியில் நின்றது. மேல்தட்டில், கூத்துக் கசெற். ஸ்ரெல்லா சந்தைக்குப் போனபின் போட்டுக் கேட்டாள். இராசா கொலுவுக்கு வருகிற பாட்டு இருக்கவேண்டிய இடம். மத்தளச் சத்தம், பார்வையாளரின் இருமல், யாரோ ஒரு கைக்குழந்தை வீரிட்டு அழுவது, எல்லாம் அவளுக்கு மனப்பாடம். ஒன்றும் இல்லை. தண்ணீர்தான். பக்கப்பலகையில் தட்டித் தட்டி. கடைசியில் ஒரு சொல்.

"குளிருது."

அதற்குப் பிறகு இருவரும் கதைக்கத் தொடங்கினார்கள். அவள் ஒரு கசெற்றில் கேட்பாள், பதில் இன்னொன்றில் இருக்கும். பதில் வந்த கசெற்றில் பாட்டு இருக்காது. முதல் நாட்களில் அவள் அதைப் பெரிதாய் எடுக்கவில்லை. பாட்டுப் போனால் போகட்டும், ஆள் கதைக்கிறார். விடியற்காலையில் எழும்பியதும் அலுமாரிக்கு முன்னால் போய் நிற்பாள். கண்ணாடிக்குள் வரிசையாய் முதுகு காட்டி நிற்கிறவற்றில் இன்றைக்கு எது என்று விரலால் தடவித் தேடுவாள். பிள்ளை வந்து சட்டையைப் பிடித்து இழுத்தாலும் தெரியாது.

"ஆர் உங்களோடை இருக்கினம்?"

"கன பேர்."

"சாப்பிடுறியளே?"

அடுத்த கசெற்றில் அவனுடைய கேள்விதான் வந்தது.

"பிள்ளை ஆரைப்போல?"

"உங்களைப்போல. உங்கடை நெத்தி. சிரிச்சா உங்கடை கன்னக்குழி."

அதைச் சொல்லும்போது அவளுக்கு வெட்கமாய்க்கூட இருந்தது.

மாரி தொடங்குகிற காலம். ஒருநாள் சீலைமுடிச்சை மாற்றுவதற்கென்று எடுத்தாள். வறுத்த அரிசி ஊறிப் பருத்து, சீலை வெடிக்கிற மாதிரி இருந்தது. பிழிந்தாள். குளிர்ந்த நீர் விரல்களுக்குள்ளால் வழிந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்பு. தட்டில் விரித்த பேப்பர் கூழாகியிருந்தது. கசெற்றுகளின் முதுகில் லியோனின் நீல எழுத்துகள் கரைந்து கீழ்நோக்கி ஒழுகி, ஒழுகிய இடத்தில் வெள்ளையாய் ஏதோ பொருக்குத்தட்டியிருந்தது. பேர்களை வாசிக்க முடியவில்லை. கண்ணாடியைத் திறந்து வைத்தபோது ஹோல் முழுவதும் கரையில் ஒதுங்கி அழுகிய சாதாளைப் பாசியின் நாற்றம் எழுந்தது.

வேலிக்கு அப்பாலிருந்து குணலட்சுமி எட்டிப் பார்த்தாள். மீன் தொடாத மரக்கறிக்காரி. வெள்ளிக்கிழமை வேறு.

"என்ன பிள்ளை, கருவாடு காயப்போட்டனீங்களே? வாசல்வரைக்கும் மணக்குது."

"இல்லையக்கா."

"மீன் வாங்கினால் சொல்லு, குறை நினைக்கமாட்டன். அண்டைக்கு ஒருநாள் யன்னலைச் சாத்திறன், அவ்வளவுதான்." சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தி, மக்டலீனின் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்தாள். "உனக்குச் சுகமில்லையே? கண்ணெல்லாம் உள்ளுக்குப் போச்சு."

மீன் கண்டு எத்தனையோ நாள். மக்டலீன் ஓம் என்று தலையாட்டிவிட்டு உள்ளே வந்தாள்.

அன்று பின்னேரம் அவள் மிதித்தபோது நடுத்தட்டுக் கசெற் ஒன்று ஓடியது. பாடுகளின் பாட்டு. பெண்களின் குரல் ஒன்றிரண்டு அடி கேட்டது, பிறகு யாரோ அவர்களைப் பிடித்து அமுக்கியதுபோலக் குமிழியிட்டு அடங்கியது. தண்ணீர் இப்போது பலகையில் தட்டவில்லை. பலகை இல்லை. எல்லாப் பக்கமும் தண்ணீர். பாரம். மேலே எங்கேயோ மிகத் தூரத்தில் வெளிச்சம் இருப்பதுபோன்ற ஒரு சத்தம். அதற்குள்ளிருந்து லியோன் பேசினான். குரலில் கோபம் இல்லை. கெஞ்சலும் இல்லை. சாப்பாட்டுக்கு உப்புக் கேட்கிறவனைப்போல.

"பிள்ளையைக் கொண்டுவா."

அவள் கால் நின்றது.

சில்லு தன்பாட்டுக்கு இன்னும் கொஞ்சம் சுழன்றது. டைனமோவின் முனகல் இறங்கியது. இறங்கி, இறங்கி, நின்றது. றேடியோவின் சின்னச் சிவப்பு வெளிச்சம் மங்கி அணைந்தது. ஹோலில் இருட்டு. தண்ணீர்ச் சத்தம் மட்டும் இறங்கவில்லை. தடிக்கவில்லை. அதே கதியில் நடந்தது.

"கொண்டுவா."

நிலத்தில் கால் ஊன்றி நின்றாள். இரண்டு கையாலும் ஹாண்டிலைப் பிடித்திருந்தாள். சில்லைப் பார்த்தாள். அசையவில்லை.

"நீ கொண்டுவராட்டில் நான் வாறன்."

கிணற்றடியில் பிள்ளை சிரித்தது. ஸ்ரெல்லா வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்ற, மூச்சு முட்டிச் சிரிக்கிற சிரிப்பு. அந்தச் சத்தம் கேட்டதும் றேடியோவுக்குள் தண்ணீர் நின்றது. யாரோ காது கொடுத்துக் கேட்பதுபோல.

மக்டலீன் கசெற்றைப் பிடுங்கி எடுத்தாள். கை நனைந்தது.

அவள் ஸ்ரெல்லாவிடம் ஒன்றும் விவரிக்கவில்லை. சாப்பாட்டுக் கோப்பையைக் கழுவிக்கொண்டிருந்தவளின் பின்னால் போய் நின்று, "பூசை வைப்பம்" என்றாள்.

ஸ்ரெல்லா திரும்பினாள். கேலி செய்ய எடுத்த வாய் அப்படியே நின்றது. கோப்பையை வைத்துவிட்டு, ஈரக்கையோடு மக்டலீனைக் கட்டிப்பிடித்தாள். "அண்ணையைப் போகவிடு மச்சாள்," என்று தோளில் முகத்தை வைத்து அழுதாள். "எங்களுக்கும் அவருக்கும் அதுதான் நல்லம்."

"கெதியா வைக்கவேணும். நாளைக்கே போய்ச் சொல்லு."

"ஓமோம். பின்னேரம் சுவாமியார் நிப்பார், போறன்."

மறுநாள் விடியும்போதே வானம் கறுத்திருந்தது. மதியத்துக்குப் பிறகு மழை பிடித்தது. மாரிமழை, காற்றில்லாமல், நேர்கோடாய். ஸ்ரெல்லா சாக்கைத் தலையில் கொங்காணியாய்ப் போட்டுக்கொண்டு படலையைத் திறந்து போனாள். போகும்போது பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளி, "மாமி வரேக்கை என்ன கொண்டரவேணும்?" என்று கேட்டாள். பிள்ளை யோசித்து, "அப்பாவை" என்றது. ஸ்ரெல்லா மக்டலீனைப் பார்த்தாள். மக்டலீன் மழையைப் பார்த்தாள்.

பிள்ளையை அறையில் பாயில் போட்டு நித்திரையாக்கினாள். நெற்றியில் சிலுவை வரைந்தாள். அறைக் கதவை வெளியால் கொண்டி போட்டாள். வாசற்கதவையும் பூட்டினாள். பிறகு அலுமாரியைத் திறந்தாள்.

மேல்தட்டு. நடுத்தட்டு. கீழ்த்தட்டு. எல்லாம் பாதியில் நின்றன.

ஒன்றும் மிச்சம் விடாமல் பனையோலைக் கடகத்துக்குள் அள்ளினாள். லியோன் கிழமைக்கணக்கில் காத்திருந்து பிடித்தவை, அவள் வயிற்றைத் தாங்கிக்கொண்டு சுமந்தவை, மூன்று வருடம் அரிசி போட்டுக் காத்தவை. கடகம் அந்த அளவுக்குப் பாரமாய் இருக்க நியாயமில்லை. பின்வாசலால், முற்றத்தைக் கடந்து, மழையில் நனைந்தபடி இழுத்துக்கொண்டு குசினிக்குப் போனாள். அடுப்பில் தென்னம்மட்டையைத் திணித்து ஊதினாள். நெருப்புப் பிடித்தது. முதல் கசெற்றை அம்மிக் குழவியால் உடைத்து, நாடாவைப் பற்றி இழுத்தாள். அது சாதாளைபோல வழுவழுப்பாய், நீளமாய், வந்துகொண்டேயிருந்தது. அதனோடு மணலும் வந்தது. நெருப்பில் போட்டாள். சீறியது. கறுத்த புகை கண்ணை எரித்தது. அடுத்தது. அடுத்தது. விரல் வெட்டி இரத்தம் வந்தது. அவள் நிறுத்தவில்லை. கூரையில் மழை இரைந்தது. போகட்டும். எல்லாம் போகட்டும். பிள்ளை இருந்தால் போதும். மாதாவே, பிள்ளை இருந்தால் போதும்.

கடகத்தில் கடைசிக் கசெற். அதில்தான் பிள்ளையின் குரல் இருந்தது. கை ஒரு கணம் தயங்கியது. உடைத்தாள். எரித்தாள்.

முடிந்தது.

கடகத்தைக் கவிழ்த்துப் பார்த்தாள். ஒன்றும் இல்லை.

அப்போதுதான் கேட்டது. மழைக்குள்ளால். வீட்டுக்குள்ளிருந்து.

டைனமோ.

ஒரே சீரான முனகல். ஆள் ஒருவர் வசதியாய் ஏறி இருந்து, அவசரப்படாமல் மிதிக்கிறபோது வருகிற முனகல். அதற்கு மேலால் பிள்ளையின் சிரிப்பு.

ஓடினாள். முற்றத்தில் வழுக்கினாள். முழங்கால் கல்லில் அடித்தது. எழும்பினாள். படி. பின்வாசல். சத்தம் நின்றது.

அறைக் கதவு திறந்திருந்தது. பாய் வெறுமை.

ஹோலின் சீமெந்து நிலத்தில் ஈரம். அலுமாரிக்கு அடியிலிருந்து தொடங்கி, அறைக்குப் போய், அறையிலிருந்து திரும்பி. காலடிகள் இல்லை. எதையோ இழுத்த ஈரம்.

சைக்கிள் மூலையில் இல்லை. ஹோலின் நடுவில் நின்றது. ஸ்ராண்ட் மேலே மடக்கியிருந்தது. இரண்டு சில்லும் நிலத்தில். பிடிக்க ஆள் இல்லை. சாயவில்லை. பூட்டியிருந்த வாசற்கதவு அகலத் திறந்து கிடந்தது. முன்சில்லு அதைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

சைக்கிளின் முன்பாரில் யோசப்பின் இருந்தாள்.

ஒருபக்கமாய்க் கால்களைத் தொங்கப்போட்டு, ஹாண்டிலின் நடுவைப் பிடித்துக்கொண்டு. நித்திரைத் தலைமயிர் பின்பக்கம் ஒட்டித் தட்டையாகியிருந்தது. ஒரு நெஞ்சில் சாய்ந்திருப்பதுபோலப் பின்னால் சாய்ந்திருந்தாள். பின்னால் ஒன்றும் இல்லை. சட்டையின் முதுகில் ஈரம் பரவிக்கொண்டிருந்தது. அவளுக்குப் பின்னால், சீற்றின் சுருள்கம்பிகள் முழுவதும் அமுங்கியிருந்தன.

"குஞ்சு." கையை நீட்டினாள். "குஞ்சு. இறங்கி அம்மாட்டை வா."

பிள்ளை அவளைப் பார்த்தாள். பிறகு கழுத்தை வளைத்து, தனக்கு மேலே, வெறும் காற்றைப் பார்த்தாள். கேட்டாள். தலையாட்டினாள். கன்னக்குழி விழச் சிரித்தாள்.

"அம்மாவையும் பின்னாலை கரியரிலை ஏறட்டாம்."

கரியரில் தண்ணீர் மினுங்கியது. வெளியே மழை. மேலே நின்ற பெடல், சொட்டுச் சொட்டாய் வடிந்தபடி, மெல்லக் கீழே இறங்கியது.